கிம்சூ அக்கா தேடிய துறைமுகம்

கிம்சூ அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில் இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய ஓடினோம். நான் ஓட்டுவேன், அவள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தைவானில் எங்கள் ஊரான யுவான்லின்னிலிருந்து கோயில் யாத்திரை கிளம்பும் கிழவன் கிழவிகளுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுப்பது, தலை சுற்றுகிறது என்பவர்களுக்குப் பையும் புளிப்பு மிட்டாயும் நீட்டுவது, எந்தக் கோயிலில் யாரை முதலில் கும்பிட வேண்டும் என்று சொல்வது, சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்களைச் சமாதானம் செய்வது எல்லாம் அவள் பாடு.

நாங்கள் போகிற ஊர்களுக்கு வேறு யாரும் வருவதில்லை. தைபேக்காரர்கள் எங்கள் பக்கத்து ஊர்களைத் தூங்கிக்கொண்டே கடந்துபோகிறவர்கள். வெளிநாட்டுக்காரர்கள் மலைக்கும் ஏரிக்கும் போவார்கள். லூகாங், ஷின்காங், பெய்காங், தெற்கே தோங்காங் என்று எங்கள் பஸ் போகும். பேரில்தான் 'காங்', அதாவது துறைமுகம். தோங்காங்கைத் தவிர மற்ற எதிலும் கப்பல் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆறு மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. கோயில்கள் மட்டும் கப்பல் காலத்துப் பணத்தில் கட்டிய அதே பவுசோடு இருக்கின்றன.

கிம்சூ அக்காவைப் பயணிகள் சாப்பாட்டு ராமி என்றுதான் நினைத்திருந்தார்கள். விடிந்ததும் தங்கும் விடுதியிலிருந்து காணாமல் போவாள். ஜனங்கள் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறுவாள்.

"எங்கக்கா போன? தேடிக்கிட்டிருக்காங்க."

"சாப்பிடத்தான்."

"இங்க குடுக்குறத சாப்பிட்டா ஆகாதா?"

"நீ ஓட்டு, நான் தின்னுறேன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்."

லூகாங்கில் எந்தக் கடைக்காரன் நூடுல்ஸ் கஞ்சியில் இறாலைக் குறைத்து ஏமாற்றுவான், ஷின்காங்கில் வாத்துச் சாறு எங்கே கெட்டியாக இருக்கும், தோங்காங்கில் மீன் குழம்பில் போட்ட குவே யார் கடையில் வாயில் வைத்ததும் கரையும், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எதைச் சாப்பிட்டாலும் கடைசியில் குவே விற்கிற கடையில்தான் நிற்பாள். அரிசி மாவைக் கட்டியாக அவித்துத் துண்டு போடுவார்களே, அதுதான். வாயில் போட்டு ஒரு கணம் கண்ணை மூடுவாள். பிறகு கடைக்காரியை மேலும் கீழும் பார்ப்பாள். பிறகு முகம் சப்பென்று ஆகிவிடும்.

அது ஏன் என்று ஒரு தடவை தோங்காங் படகுத்துறையில் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்.

அவளுடைய அப்பா சர்க்கரை ஆலையின் கரும்பு ரயிலில் வேலை பார்த்தவர். அவளுக்கு ஏழு வயதாகும்போது பெட்டிகளுக்கு நடுவில் சிக்கிச் செத்துப்போனார். அம்மா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். பிறந்தது பெண், அதுவும் புலி வருஷத்தில். அப்பாவின் அண்ணன் தம்பிகள் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்பனைத் தின்றுவிட்டு வந்த புலி என்றார்கள். அம்மா அதற்குப் போங்சி என்று பேர் வைத்தாள். எங்கள் பக்கத்தில் வேண்டாத பெண் குழந்தைக்கு வைக்கிற பேர்தான். வந்துவிட்டது, வளர்த்துத் தொலைப்போம் என்று அர்த்தம். ஆனால் வளர்க்கவில்லை.

"ஒரு ஆளு வந்தான் தம்பி. ஏதோ காங்ல இருந்து வந்தேன்னான். எந்தக் காங்னு எங்கம்மா காதுல வாங்கல. ஒரு சட்டி நெறைய குவே கொண்டாந்து வச்சான். பாப்பாவத் தூக்கிட்டுப் போனான். பதிவு ஆபீஸ்ல பேரு கூட எழுதல, அவன் பொண்ணாவே எழுதிக்கிட்டான் போல. அங்கெல்லாம் போய்க் கேட்டுப் பாத்தாச்சு."

"அதுக்கு ஏன் குவே தின்னுக்கிட்டுத் திரியற?"

அவள் குழாயை மூடினாள்.

"அந்தச் சட்டிக் குவேய யாரு தின்னா? நானும் என் தம்பியுந்தான். பசி. அம்மா தொடவே இல்ல, நாங்க ரெண்டு பேரும் வழிச்சு வழிச்சுத் தின்னோம். ருசியா இருந்துச்சுடா! இன்னும் நாக்குல இருக்கு. அத வச்சுத்தான் தேடுறேன்."

அதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவில் ஒரு கல்யாணம் ஆனது. அவன் வீட்டில் உட்கார் என்றான், இவள் உட்காரவில்லை. பிள்ளைகளும் இல்லை. அப்புறம் பஸ்தான்.

பெய்காங்குக்கு நாங்கள் மாதம் தவறாமல் போவோம். மாச்சோ அம்மன் கோயிலுக்குப் போகாமல் யாத்திரை ஏது. கோயிலுக்கு எதிரே பெரிய கடை ஒன்றில் பன்றிக் கொழுப்பில் பொரித்த குவே கிடைக்கும், அக்கா அதைத் தின்றுபார்த்து இது இல்லை என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். ஊரும் அவள் கணக்கில் கழிந்துபோயிற்று. தோங்காங்தான் என்று அவள் மனம் நின்றுவிட்டது.

ஒரு குளிர்கால மழை நாளில் போனபோது கோயில் எதிர்க் கடை மூடியிருந்தது. கடைக்காரர் வீட்டில் சாவு. ஜனங்கள் கோயிலுக்குள் ஒதுங்க, நானும் அக்காவும் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரக் கூரை போட்ட கடைக்குள் ஓடினோம். வட்டத் தட்டையான இரும்புச் சட்டியில் குவே துண்டுகள் பொரிந்துகொண்டிருந்தன. குட்டையாய், கை கனத்த ஒரு பெண் கரண்டியால் அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, நனைஞ்சுட்டீங்களே. உள்ள தள்ளி உக்காருங்க. குடலு போடவா, வேணாமா?"

"போடு. அவனுக்கு ரெண்டு பங்கு போடு."

தட்டு வந்தது. நான் தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தேன். அக்காவும் பாதித் தட்டு தின்றுவிட்டாள். கண்ணை மூடியதாகவோ கடைக்காரியைப் பார்த்ததாகவோ எனக்கு நினைவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேஜையில் சந்தைக் கறிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். வம்புக்கு இழுக்கிற ஆள்.

"சாய்ஹா, உங்கப்பன் கைப்பக்குவம் உனக்கு வரல. சாறுல தண்ணி ஊத்துற."

"தின்னுபுட்டுக் குறை சொல்லு. எங்கப்பன் பக்குவமா? பெரிய பக்குவம்! என்னையே ஒரு சட்டி குவேக்குத்தான வாங்கியாந்தான் அந்தாளு."

"இத எத்தனை தடவ சொல்லுவ?"

"சாகுற வரைக்கும் சொல்லுவேன். யுவான்லின் பக்கம் போயி, எவ வீட்டுலயோ சட்டிய எறக்கி வச்சிட்டு என்னைத் தூக்கியாந்தான். சட்டியத் திருப்பி வாங்கணும்னு கூடத் தோணல. நல்ல இரும்புச் சட்டி போச்சேன்னு எங்கம்மா கடைசி வரைக்கும் திட்டினா. புள்ள நல்லா இருக்கான்னு ஒருத்தரும் கேக்கல, சட்டியத்தான் கேட்டாங்க."

கறிக்கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அக்கா பக்கம் பார்த்தேன். குச்சிகளைத் தட்டில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சட்டிக்கு ஒரு காது உடைஞ்சிருக்கும், இல்லையா?" என்று கேட்டாள்.

சாய்ஹா திரும்பினாள். "ஆமா. உடைஞ்ச சட்டியத்தான் எடுத்துட்டுப் போனேன்னு எங்கப்பா சொல்லித் தப்பிச்சுக்குவாரு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தச் சட்டி எங்க வீட்டுல இருக்கு."

அடுப்பில் குவே கருகத் தொடங்கியது. யாரும் அதைப் புரட்டவில்லை. சாய்ஹா அக்காவின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் குனிந்து எரிவாயுவை அணைத்தாள். கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நான் நினைத்தேன். கறிக்கடைக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார், குச்சியைப் பிடித்தபடி வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார்.

"மழை விட்டுருச்சு," என்றாள் சாய்ஹா. "உங்க பஸ்ஸு காத்துக்கிட்டிருக்கும்."

மழை விடவில்லை. நாங்கள் எழுந்து வந்தோம்.

பஸ்ஸில் அன்றைக்குப் பாட்டு இல்லை. பயணிகள் கேட்டதற்கு மைக் ரிப்பேர் என்று சொல்லிவிட்டாள். என் பின்னால் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னாள்.

"பாதித் தட்டு தின்னுட்டேன் தம்பி. எனக்கு ஒண்ணுமே தெரியல. இத்தனை வருஷம் நாக்க நம்பினேனே, அது என்னை ஏமாத்திப்புடுச்சே."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெய்காங் பயணத்திலும் அந்தச் சந்துக்குப் போனாள். சாய்ஹா விரட்டவில்லை. ஆனால் அக்கா என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து போய்விட்டது. வருகிற எல்லாப் பெண்களையும் வாங்கக்கா என்கிறவள் இவளை மட்டும் "வாங்க மேடம்" என்றாள். தட்டு வைப்பாள், எடுப்பாள். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் அவளே கேட்டாள்.

"ஏன் என்னைக் குடுத்தீங்க? உங்களக் குடுத்திருக்கலாமே."

"எனக்கு ஏழு வயசு. வேலை செய்வேன். நீ பால் மட்டும் குடிச்ச. தம்பி ஆம்பளப் புள்ள."

சாய்ஹா தலையை ஆட்டினாள். ஒரு வியாபாரக் கணக்கைக் கேட்டு ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது.

அக்காவுக்கு அவசரம் இருந்தது. அம்மா முதியோர் இல்லத்தில் கிடந்தாள். எண்பதைத் தாண்டி, ஆள் அடையாளம் ஒருநாள் தெரியும், ஒருநாள் தெரியாது. ஆனால் போங்சி என்ற பேரை மட்டும் தாதிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே ஒருமுறை வந்து பார், எதுவும் பேச வேண்டாம், நின்றால் போதும் என்று அக்கா மாதாமாதம் கேட்டாள். சாய்ஹா தட்டைக் கழுவப் போய்விடுவாள். புதுவருஷம் கழிந்து கடை மூடியிருந்த நாட்களில் அவளே ஃபோன் செய்தாள். எனக்குத்தான், அக்காவுக்கு அல்ல.

"டிரைவரே, நாளைக்குப் பஸ்ஸு சும்மா நிக்குதா?"

ஒரு ஆளுக்குப் பஸ் எதற்கு என்று என் மச்சானின் காரில் போய்க் கூட்டிவந்தேன். நல்ல மேல்கோட்டு போட்டிருந்தாள், கடைக்காரிக்குப் பழக்கமில்லாத லிப்ஸ்டிக் கூடப் பூசியிருந்தாள். ஒரு டப்பா நிலக்கடலை மிட்டாய் கையில். வழி முழுக்க அந்த டப்பாவின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

முதியோர் இல்லத்து அறையில் அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நாங்கள் உள்ளே போனதும் எழுந்து, "அம்மா, யாரு வந்திருக்கா பாரு," என்றாள்.

கிழவி பார்த்தாள். சாய்ஹாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எங்கள் பின்னாலிருந்த கதவையும் பார்த்தாள். பிறகு திரும்பி, தனக்குத் தலை வாரிய கிம்சூவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போங்சி," என்றாள். "போங்சி, வந்துட்டியா!"

"அம்மா, நான் கிம்சூ. போங்சி அங்க நிக்கிறா."

அம்மாவுக்குக் காதில் விழவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள். அந்த வயதில் கண்ணீர் வருவதில்லை, சத்தம் மட்டும்தான்.

"நீ அப்பனத் தின்னுட்டன்னு சொன்னாங்கடி. நானும் நம்பிட்டேன். உன் மொகத்தப் பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு. பால் குடுக்கையில கூட வேற பக்கம் திரும்பிக்குவேன். பச்சப் புள்ள, உனக்கு என்ன தெரியும்? என்னைத் திட்டுடி. ஏதாச்சும் சொல்லுடி."

சாய்ஹா கட்டிலின் கால்பக்கத்தில் மிட்டாய் டப்பாவோடு நின்றாள். அப்பனைத் தின்ற கதையை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அக்கா அவளிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

கிழவி மணிக்கட்டை உலுக்கினாள். "சொல்லுடி!"

அக்கா சாய்ஹாவைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

"பரவால்லம்மா," என்றாள். "நான் நல்லாத்தான் வளந்தேன். நல்லா வச்சுக்கிட்டாங்க. எனக்கு ஒரு கோவமும் இல்ல."

கிழவியின் பிடி தளர்ந்தது. சிறிது நேரத்தில் அப்படியே தூங்கிப்போனாள். அத்தனை நிம்மதியான முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

சாய்ஹா வெளியே வந்து வராந்தாவில் நின்றாள். அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"நான் நல்லா வளந்தேன்னு சொல்ல நீ யாரு?" சாய்ஹாவின் குரல் உயரவில்லை. "உனக்குத் தெரியுமா? முக்காலி போட்டு ஏறி நின்னு பொரிப்பேன், அத்தனூண்டு. கருகிப்போனா அதே கரண்டியாலதான் அடி. அவங்க மகனுக்கே கட்டி வைக்கத்தான் கொண்டாந்தாங்க. அவன் இந்தக் குவேக்காரி வேணாம்னு ஓடிட்டான். அதுக்கும் என்னைத்தான் அடிச்சாங்க. கடையில நான் சிரிச்சுச் சொல்றதக் கேட்டு நல்லா இருந்தேன்னு நினைச்சியா?"

"சாகப்போற ஜீவன், சாய்ஹா. எனக்கு வேற வழி தெரியல. என்னை மன்னிச்சிரு."

"அங்க மன்னிப்ப நீயே வாங்கிக்கிட்ட, நீயே குடுத்துக்கிட்ட. எனக்கு என்ன மிச்சம் வச்ச?"

மிட்டாய் டப்பாவை வராந்தா பெஞ்சில் வைத்தாள். நான் காரில் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

வசந்தத்தில் முன்னோர் கல்லறைகளைத் துடைக்கிற நாளுக்கு முன்னாலேயே அம்மா போய்விட்டாள். அக்கா ஃபோன் செய்து சொன்னபோது மறுமுனையில் சாய்ஹா, "எங்க வீட்டுல யாரும் சாகல," என்று வைத்துவிட்டாள். அக்கா அதற்குப் பிறகும் பெய்காங் பயணங்களுக்கு வந்தாள், ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கமாட்டாள். ஜனங்கள் கோயிலுக்குப் போய் வரும்வரை முதல் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் திரையை இழுத்து விட்டுக்கொள்வாள். எனக்குப் பசிக்கும், நான் அந்தச் சந்துக்குப் போவேன். சாய்ஹா எதுவும் கேட்கமாட்டாள். நானும் சொல்லமாட்டேன்.

ஒரு வருஷம் போல அப்படி ஓடியது. பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி. சாப்பாடு இறங்காமல் போனது. ஆஸ்பத்திரியில் கடைசிக் காலத்தில் என்னிடம் நிறையப் பேசினாள், தேடினதைப் பற்றி அல்ல, குழந்தையைக் கொடுத்த அந்த ஒரு காலையைப் பற்றி. சாய்ஹாவிடம் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம், வந்தால் அதுவும் நான் கேட்டு வாங்கியதாகிவிடும் என்றாள்.

அவள் போன பிறகு நானாகவே போய்ச் சொன்னேன். சாய்ஹா குவேயைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். என்றைக்கு எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள்.

தெருவில் பந்தல் போட்டிருந்தது. அக்காவின் தம்பி மனைவி வாசலில் சாவுச் சடங்கில் எரிக்கிற காகிதத் தாமரை மடித்துக்கொண்டிருந்தாள். சாய்ஹா வந்து நின்றதும், "நீங்க யாருன்னு தெரியலையே?" என்றாள்.

"பெய்காங்ல கடை வச்சிருக்கேன். இவங்க எங்கிட்ட சாப்பிடுவாங்க."

"ஓ, அந்தப் பழக்கமா? பாவம், ருசியாச் சாப்பிட்ட மனுஷி. வாங்க, வாங்க."

அக்காவின் தம்பி உள்ளே வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தான். இவளுக்கும் ஒரு கோப்பை கொடுத்தான், முகத்தைப் பார்க்காமலே. சாய்ஹா வாங்கிக்கொண்டாள். ஊதுபத்தி ஏற்றி, படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே கும்பிட்டாள். உறவுக்காரர்கள் மண்டியிட்டார்கள், அவள் மண்டியிடவில்லை.

திரும்பும்போது என் பஸ்ஸில்தான் வந்தாள். பெய்காங்கிலிருந்து ஒரு கூட்டத்தை ஏற்றிவரக் காலி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் போய் உட்காருவாள் என்று நினைத்தேன், எனக்கு அடுத்த பக்கம் முதல் சீட்டில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றாள்.

"உன்னைக் குடுத்த அன்னைக்கி நடந்தத சொன்னா."

"என்ன?"

"அம்மா வீட்ட விட்டு வெளிய வரமாட்டேன்னுட்டாளாம். இவதான் உன்னை முதுகுல கட்டிக்கிட்டு, அந்தாளு சைக்கிளத் தள்ளிக்கிட்டு வர, கரும்பு ரயில் கேட் வரைக்கும் நடந்திருக்கா. அங்க அவிழ்த்துக் குடுத்தாளாம். முதுகு சில்லுனு ஆயிருச்சுன்னு சொன்னா. அதத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னா."

"நான் என்ன பண்ணேன்?"

"தூங்கிட்டிருந்தியாம். கை மாறினப்பகூட முழிக்கலையாம்."

"அழலையா?"

"அழலைன்னுதான் சொன்னா."

பெரிய ஆற்றுப் பாலம் வந்தது. வறண்ட காலம், ஆறு முழுக்க மணல். காற்றில் தூசி பறந்து கண்ணாடியை மறைத்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள், தோள்கள் மட்டும் லேசாக ஏறி இறங்கின.

"அழுதிருக்கணும்," என்றாள். "ஒரு சத்தம் போட்டிருந்தா, ஒருவேளை அவ என்னை அவிழ்த்திருக்க மாட்டா."

பெய்காங் வந்தது. சந்தை முனையில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். பத்து அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து பஸ் கதவைத் தட்டினாள். திறந்தேன்.

"அக்காவுக்கு ஏழாம் நாள் படையல் எந்த வேளைக்கு வைப்பாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டுப் போனாள்.